சாய்ந்து தெரிந்த காவடி

பிரான்ஸில் இருக்கும் என் மகளுக்குத் தங்குவதற்கான விசா இன்னும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக வழியில்லை. அது கிடைக்க வேண்டுமென்று நேர்த்தி வைத்து, போன வருடம் நெடுங்கேணி முருகன் கோயிலில் என் கணவர் காவடி எடுத்தார். மகளுக்கு அனுப்பிய வீடியோவில் அவர் சுழன்றாடும்போது காவடி கோணலாகச் சாய்ந்து தெரிந்தது.

"முருகன் ஏற்கேல்லையோ அம்மா?" என்று மகள் அழுதாள். நானும் பயந்து, இந்த வருடமும் எடுக்கச் சொன்னேன்.

அதைப் படம் பிடித்த வீடியோக்காரத் தம்பியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

"அன்ரி, முருகனில பிழையில்லை, கமராவிலதான். அது படத்தை மேலயிருந்து கீழ வரிவரியா எடுக்கும். கீழ வாறதுக்குள்ள அங்கிள் சுத்திப்போடுவார், அதுதான் சாய்ஞ்சு தெரியுது."

"மெதுவா ஆடச் சொல்லட்டே?"

"உரு வந்து சாமியாடேக்க நீங்கள் சொல்லிக் கேட்பாரோ? இந்த முறை லென்ஸுக்கு முன்னால சுழலுற தட்டு பூட்டுறன். அதில இருக்கிற இடைவெளியால எல்லா வரிக்கும் ஒரே நேரத்தில வெளிச்சம் விழும்."

இந்த வருட வீடியோவில் காவடி நேராக வந்தது. அதை அனுப்பிவிட்டு, மகள் சந்தோஷப்படுவாள் என்று போனில் காத்திருந்தேன். அவள் அதை மறுபடியும் முதலிலிருந்து போடும் சத்தம் கேட்டது.

"அம்மா, முகம் இப்பத்தான் தெளிவாத் தெரியுது. அப்பா இப்பிடி மெலிஞ்சு போனாரே, ஏன் சொல்லேல்லை?"

தினமும் பார்க்கும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இதுவரை முருகனிடம் அவளுக்கு விசா மட்டும் கேட்டேன். இப்போது, அவள் வந்து பார்க்கும்வரை அவருக்கு ஆயுளும் கேட்கிறேன்.