ரிப்போர்ட்டில் வராத ஆள்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை ஆரம்பிச்ச வாரத்துல நடந்தது இது. சதுரங்கப்பட்டினம் பக்கத்துல ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வீடு இருக்கிற படாளத்திலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரணும். ஜன்னல் சீட்டு கிடைச்சா அன்னிக்கு நல்ல நாள்.

எங்ககிட்ட ரத்தம் குடுக்க சம்மதிச்சவங்க விவரமெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல, ஒரு டேட்டாபேஸ் சாப்ட்வேர்ல கிடந்தது. அதைத் தெரிஞ்ச பையன் வேலையை விட்டுட்டு பெங்களூரு போயிட்டான். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "ஊர்வாரியா, குரூப்வாரியா ஒரு ரிப்போர்ட் வேணும், கத்துக்கோங்க"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது எக்ஸெல் மட்டும்தான். அதுவும் கூட்டல், வரிசைப்படுத்தல், அதோட சரி.

அந்த சாப்ட்வேர் என்னைப் படுத்தின பாடு இருக்கே. ஆஸ்பத்திரி பேர் ஒவ்வொரு பக்கத்துலயும் மேல ஒரு தடவை வரணும்னு திரையில ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன். அது ஒவ்வொரு ஆளோட பேருக்கு மேலயும் வந்து உக்கார்ந்துச்சு. அதைச் சரி பண்ணினா, ஒரு தாள் விட்டு ஒரு தாள் வெள்ளையா வெளிய வந்தது. பிரிண்டர் கெட்டுப் போச்சுன்னு மெக்கானிக்கையே வரவழைச்சுட்டோம். கடைசியில பார்த்தா, நான் போட்ட பெட்டி ஒண்ணு பக்கத்தோட ஓரத்தைத் தாண்டி ஒரு விரல்கடை நீட்டிக்கிட்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக் டீ குடிச்சுட்டுப் போனார்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப புத்திசாலித்தனமா நடந்துக்கிட்டதா நினைச்சேன். எங்க பக்கம் ஆளுக்கு ரெண்டு மூணு போன் நம்பர் இருக்கும். அதனால ஆளுங்களை ஒரு பட்டியல்லயும் நம்பர்களை இன்னொரு பட்டியல்லயும் வெச்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு இணைச்சேன். எப்படி இணைக்கணும்னு அது மூணு வழி காட்டிக் கேட்டுச்சு. முதல் வழியை அதுவே தேர்ந்தெடுத்துப் புள்ளி வெச்சிருந்தது. படிக்காம ஓகே குடுத்துட்டேன்.

ரிப்போர்ட் வந்தது பாருங்க, அவ்வளவு அழகு. ஊர் பேர் தடிச்ச எழுத்துல, கீழ ஆளுங்க, பக்கத்துல ரத்த குரூப், நம்பர். டாக்டரம்மா பார்த்துட்டு "நல்லாருக்கே"ன்னாங்க. அவங்க அப்படிச் சொல்றது தீபாவளி பொங்கலுக்குத்தான். எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியல.

அதுக்கப்புறம் சில மாசம் கழிச்சுத்தான் அந்த மழை வாரம். எங்க லேப்ல வேலை பார்க்கிற பொண்ணோட தங்கச்சி, ரெண்டாவது பிரசவத்துக்காக செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில இருந்தா. மொத பிரசவத்துலயே ரத்தம் நிறைய போய் ஆள் பிழைச்சதே பெரிசு. இந்தத் தடவை உடம்புல ரத்தமும் கம்மி. ஓ நெகட்டிவ். மறுநாள் காலையில ஆபரேஷன். அதுக்குள்ள, அன்னிக்கு சாயந்திரத்துக்கு முன்னாடி, ரத்தம் குடுக்க ஒரு ஆளை அனுப்புங்கன்னு சொல்லியிருந்தாங்க.

ரிப்போர்ட்டை எடுத்தேன். அந்த குரூப்புல ரெண்டே பேர். ஒருத்தர் துபாய்ல இருந்தார். இன்னொருத்தர் போன மாசம்தான் வேற எங்கேயோ குடுத்திருந்தார்.

"வேற யாருமே இல்லியாக்கா?"ன்னா அந்தப் பொண்ணு.

"இல்லம்மா, இவ்வளவுதான்"னு நான் திடமா சொன்னேன்.

"நீங்க போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தரா போன் போட ஆரம்பிச்சா. அழலை. அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலை.

அப்போ வெளிய ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கிட்டுப் போச்சு. நாளைக்குக் கரண்ட் இருக்காதுன்னு அறிவிப்பு. அந்த மைக் சத்தம் காதுல விழுந்ததும் எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தார். பக்கத்து மீனவர் குப்பத்துல நாங்க ரத்ததான முகாம் போட்டப்போ, கடலுக்குப் போயிட்டு வந்த ஈர லுங்கியோட நேரா என் மேஜைக்கு வந்தவர். போன் நம்பர் கேட்டேன். "நம்பர் இன்னாத்துக்குக்கா? கடலாண்ட போனு எங்க எடுக்குது? கோயில் மைக்குல கூப்டு, வந்துர்றேன்"னார். குப்பத்துல எல்லாத்துக்கும் அந்த மைக்தான். ஊர்க்கூட்டம், காணாமப் போன ஆடு, எதுவானாலும் அதுலதான் சொல்வாங்க. நான் சிரிச்சுட்டு அந்த இடத்தைக் காலியா விட்டுட்டேன். அவர் ரத்தத்தை டெஸ்ட் பண்ணி குரூப் கார்டைக் குடுத்தப்போ லேப் பொண்ணு, "அட, நெகட்டிவ்"னு சொன்னது நல்லா ஞாபகம் இருந்தது.

ரிப்போர்ட்ல அவர் பேரைத் தேடினேன். இல்லை. குப்பத்துக்காரங்க பாதிப் பேர் இல்லை. ஆளுங்க இருக்கிற பட்டியலை நேராத் திறந்து பார்த்தேன். ஓ நெகட்டிவ்னு பளிச்சுன்னு இருக்கார் மனுஷன். நான் படிக்காம ஓகே குடுத்த அந்த முதல் வழிக்கு அர்த்தம், ரெண்டு பட்டியல்லயும் இருக்கிறவங்களை மட்டும் காட்டுங்கிறது. போன் இல்லாத ஒரு ஆள்கூட ரிப்போர்ட்ல வரலை. சாப்ட்வேரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. அது கேட்டுச்சு, நான்தான் தலையாட்டினேன்.

லேப் பொண்ணோட ஸ்கூட்டியில தூறலோட தூறலா குப்பத்துக்குப் போனோம். கோயில்கிட்ட இருந்த ஒருத்தர்கிட்ட விஷயத்தைச் சொன்னதும், அவர் ஒரு கேள்வி கேக்காம மைக்கை ஆன் பண்ணி, பேர் சொல்லி, "எங்க இருந்தாலும் கோயிலாண்ட வா, ஆஸ்பத்திரிக்காரங்கோ வந்துகிறாங்கோ"ன்னார். கடல் பக்கமா திரும்பி இன்னொரு தடவையும் சொன்னார். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. நான் மனசுக்குள்ள, அவர் கடலுக்குப் போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

போகலை. மழைன்னு கரையில வலை தச்சுக்கிட்டிருந்தவர் ஓட்டமும் நடையுமா வந்தார். சொன்னோம். "போலாம்"னார். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கக் கூடாதேன்னு, சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன். "ஆச்சுக்கா"ன்னுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டே சாதாரணமா சொன்னார்: "எத்தினி மாசமாச்சு, நீங்க கூப்டவே இல்ல. நம்ம ரத்தம் தேவப்படல போலன்னு நெனச்சுகினு இருந்தேன்."

அவரையும் கூட்டிக்கிட்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம்.

சாயந்திரத்துக்கு முன்னாடி அவர் ரத்தம் குடுத்துட்டார். மறுநாள் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. ஆபரேஷன்ல அந்த ரத்தம் தேவைப்பட்டுச்சு, ஏத்தினாங்க. தாயும் பிள்ளையும் இப்போ செய்யூர்ல நல்லா இருக்காங்க.

ரெண்டு பட்டியலையும் இணைச்ச அந்தக் கோட்டை, நம்பர் இல்லாதவங்களும் வர மாதிரி அன்னிக்கே மாத்திட்டேன். ரிப்போர்ட்ல 'கூப்பிடும் வழி'ன்னு ஒரு இடம் சேர்த்தேன். கடைசிப் பக்கத்துல, பதிஞ்சவங்க எத்தனை பேர், இந்த ரிப்போர்ட்ல வந்தவங்க எத்தனை பேர்னு பக்கத்துப் பக்கத்துல வர மாதிரி வெச்சேன். அடுத்த தடவை அவர் வந்தப்போ காட்டினேன். தன் பேருக்கு நேரா 'கோயில் மைக்'னு இருக்கிறதைப் பார்த்துட்டு, "மெய்யாலுமே போட்டுகிறியேக்கா"ன்னு சிரிச்சார்.

இப்போ அந்த சாப்ட்வேர் எனக்கு ஓரளவு அத்துப்படி. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றேன். ஆனா ஒரு ரிப்போர்ட் எவ்வளவு அழகா வந்தாலும், "இவ்வளவுதான்"னு நான் இன்னொருத்தர்கிட்ட திடமா சொன்ன அந்த நிமிஷம்தான் ஞாபகம் வருது. அதனால தாள்ல இருக்கிறவங்களைப் படிக்கிறதுக்கு முன்னாடி, கூப்பிட்டா வரத் தயாரா யாராவது அந்தத் தாளுக்கு வெளிய காத்திருக்காங்களான்னு ஒரு தடவை பார்த்துடுறேன்.