எனக்காக விட்ட சோறு

மயிலாடுதுறை மெஸ் ஒன்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தார், வெயிலில் கறுத்த ஒரு விவசாயி. என் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே தனக்குச் சப்பாத்தி கேட்டார்.

"சுகருங்களா?" என்றேன்.

"ஆமாங்க. எனக்காக வீட்ல எல்லாருமே சோத்தை விட்டுட்டோம்னாங்க. ஊரெல்லாம் பெருமையா சொன்னேன். வயலுக்குச் சப்பாத்தி கட்டிக் குடுப்பாங்க. ஒருநாள் மத்தியானம் சீக்கிரமே திரும்பிட்டேன். எல்லாரும் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பொண்டாட்டி தட்டை மறைச்சா."

"சோறு சாப்பிட்டதுக்கா கோவம்?"

"இல்லீங்க, மறைச்சதுக்கு. அதான் இப்ப மத்தியானம் இங்க வந்துடுறேன். இங்க எல்லாரும் என் கண்ணு முன்னாடியே சாப்பிடுறாங்க."

மறுசோறு வாங்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "சாருக்குச் சோறு வைங்க" என்றார். அவர் பார்த்திருக்க, அதையும் சாப்பிட்டு முடித்தேன்.