காப்பிக் கடையின் அடுப்பு மேடை

மோகனூர் சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் குணசீலனை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். என் மூன்று வண்டிகளுக்கும் கேபின் கட்டியது அவர்தான். வேலையில் சுத்தம், வாயில் கொஞ்சம் அலட்டல். போன வருடம் பட்டறைக்கு முன்னால் சும்மா கிடந்த இடத்தில் காப்பிக் கடை கட்டப் போவதாகக் கிளம்பினார். கடையில் நின்று வேலை செய்யப் போவது மனைவி சத்யபிரியா. திட்டம் போட்டது முழுக்க இவர்.

கடை கட்டிய மூன்று மாதமும் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாற்காலி எத்தனை அகலம், கூரைத் தகரத்துக்கு என்ன நிறம், லாரி திரும்ப எத்தனை அடி விட வேண்டும் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார். அடுப்பு மேடையை மட்டும் யாரையும் கேட்காமல் பட்டறையிலேயே செய்தார். இரும்புச் சட்டத்தை வெல்டிங் அடித்து, மேலே எவர்சில்வர் தகடு. உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. அவர் ஆறடி. சத்யபிரியா ஐந்தடிக்கும் குறைவு.

"ஏனுங்க, எனக்கு எட்டாதாட்ட இருக்குதுங்களே" என்று சத்யபிரியா கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஒரு பலகையப் போட்டு ஏறி நின்னுக்க. பழகிரும்" என்றார் குணசீலன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடை திறந்த பதினெட்டாம் நாள், கொதித்த பாலை இறக்கும்போது பலகை நழுவியது. சத்யபிரியாவின் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பார்க்கப் போன என்னை வராந்தாவிலேயே நிறுத்தினார் குணசீலன். "கேபின்ல சீட்டு மாட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு டிரைவரையும் உக்கார வெச்சு, முட்டி எங்க வருது, காலு எங்க எட்டுதுன்னு சாக்பீஸ்ல கோடு போடறவனுங்க நானு. பேரு தெரியாதவனுக்கெல்லாம் அளவெடுத்தேன். ஊட்டுக்காரிய ஒருக்கா நிக்க வெச்சுப் பாக்கத் தோணலீங்க."

"இத அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்றனுங்க."

சொல்லவில்லை. வீட்டுச் சமையல் மேடையை அளந்து வந்து, கடை மேடையை அதே உயரத்துக்கு அறுத்து இறக்கினார். தப்பை ஒப்புக்கொள்வதைவிட வெல்டிங் அவருக்குச் சுலபம். நான் மட்டும் என்ன யோக்கியன்? அன்று சிரித்ததற்கு நானும் சத்யபிரியாவிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடையை மறுபடி திறந்த வாரம், போர்வெல் வண்டியோடு ஐந்து மாதம் வடக்கே போயிருந்த சத்யபிரியாவின் அண்ணன் தமிழரசு வந்தார். தூரத்தில் இருப்பவர் பதறுவாரென்று அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. தங்கை காப்பி டம்ளரை நீட்டியபோதுதான் கையை முதன்முதலாகப் பார்த்தார். தோல் சுருங்கி, இரண்டு விரல்கள் சரியாக மடங்காமல் இருந்தன.

"எப்படி அம்மிணி ஆச்சு?"

"நாந்தாண்ணா. என்னமோ நெனப்புல சட்டியத் தூக்கிட்டேன்."

குணசீலன் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவர் முகம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"காப்பி ஆறுதுங்க மச்சான், குடிங்க" என்றார்.

தமிழரசுவுக்குத் துக்கம் கோபமாக வந்தது. "சின்னதுல இருந்தே உனக்கு எதுலயும் கவனம் கெடையாது. மாப்ள இத்தன பாடுபட்டுக் கடை கட்டிக் குடுத்தா, நீ இப்படிப் பண்ணி வெச்சிருக்கற" என்று தங்கையைத் திட்ட ஆரம்பித்தார். சத்யபிரியா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். குணசீலனும் நானும் காப்பியைக் குடித்து முடித்தோம்.