தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைகாப்பு

எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அக்காவுக்குக் கொரோனா என்று முடிவு வந்த மாலையே ஆட்கள் வந்து, நாங்கள் வாய் திறப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். சாமியே ஊர்வலம் வராத வருஷம் அது, நாங்கள் வெளியே போவதாவது! பாலும் காய்கறியும் தகரத்துக்கு அடியில் விட்டிருந்த ஒரு முழ இடைவெளி வழியாக உள்ளே தள்ளப்படும். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குச் சும்மா இருக்க வராது. தறியில் உட்கார்ந்தாலாவது வாய் மூடியிருக்கும். அதுவும் அப்போது நின்றிருந்தது. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்ய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை கோத்த நாடாவைத் தள்ள ஒருவர். எங்கள் வீட்டில் உடல் நான், கரை என் மனைவி. நிறைமாதக்காரியைத் தறிக்குழியில் கால் விட்டு உட்காரச் சொல்ல முடியுமா? அதனால் நாள் முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து, அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதல் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் முசரவாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. ஊரடங்கு வந்து வளைகாப்பு தள்ளிப்போனது, பிறகு தகரம் வந்து அம்மா வீடும் போனது. தட்டில் சோறு போட்டால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். "ஒடம்புல தெம்பு வேணும், இப்படியே இருந்தா பிரசவம் கஷ்டம்மா" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கண்டித்தும் பார்த்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஊட்டிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"போன்ல அம்மா மொகத்தைக் காட்டறேன், பாத்துக்கினே சாப்புடறியா?" என்றேன்.

"போன்ல பாத்தா எனக்குத் தைரியம் வந்துடுமாங்க?" என்றாள். தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வளைகாப்பைத் தெருவிலேயே நடத்திவிட்டால் என்ன? பெண்கள் அவரவர் மாடியில் நிற்கட்டும். கலவை சாதத்தை மாமியார் தகரத்து அடியில் தள்ளட்டும். வளையலை நான் போடுகிறேன்! பரபரப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு பட்டு இழையை எடுத்து, அவள் எழுந்துவிடாமல் மணிக்கட்டைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, பால் கொண்டுவரும் பையனிடம் கொடுத்து வளையல்கார பாய் வீட்டுக்கு அனுப்பினேன்.

பாய் போன் செய்தார். "இன்னாபா, புள்ளத்தாச்சி கையா இது? ரொம்ப சின்னதா இருக்குதே."

"பாய், பட்டு இழையில அளந்தது. நெசவுக்காரன் அளவு தப்பாது" என்றேன்.

"நீ சொன்னா சரிப்பா" என்று வைத்துவிட்டார். பெரிய மனிதர்கள் சந்தேகப்படும்போது காது கொடுக்க வேண்டும் என்பது எனக்கு எப்போதும் பிறகுதான் உறைக்கும்.

நல்ல நாள் பார்த்தோம். மாமியார் தன் மகனின் வண்டியில் வந்து, பாயிடம் வளையல் வாங்கிக்கொண்டு, தகரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினார். கேரியர் கேரியராகப் புளி சாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் சாதம்; மல்லிகைப் பூ, மஞ்சள், வளையல் கட்டு என்று ஒவ்வொன்றாக அடியில் தள்ளினார். "மாப்ள, முதல் வளையல் என் கையால போடணும்னு இருந்தேன். நீங்க போடுங்க, நான் இங்கியே நின்னு காதால கேட்டுக்கறேன்" என்றார்.

எங்கள் வீடு நடுத்தெருவில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கோலம் இழுத்து, அவளை உட்கார வைத்தேன். கோலத்தைப் பார்த்து மாடியில் ஒருத்தி, "தம்பி, அது கோலமா, பாம்பா?" என்று கேட்டதில் தெருவே சிரித்தது. இத்தனை நாள் இந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வரிசையாக மாடிகளில் பட்டுச் சேலைகள், கொண்டையில் பூ, முகத்தில் மாஸ்க். அவள் மட்டும் தலை நிமிரவில்லை.

முதலில் வேப்பங்காப்பு. வேப்ப ஈர்க்கில் நான் முறுக்கியதுதான், நன்றாகவே வந்திருந்தது. அடுத்து கண்ணாடி வளையல். விரல்களைத் தாண்டி வந்து, கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. எண்ணெய் தடவினேன்.

"அழுத்துபா! இழையாப் புடிக்கிற, அறுந்துடுமோன்னு பாக்கறதுக்கு?" என்று மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அழுத்தினேன். சட்டென்று உடைந்தது.

நல்ல காரியத்தில் வளையல் உடையலாமா? குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பிறகு மாடியிலிருந்து ஒரு குரல், "திருஷ்டி கழிஞ்சுதுபா, அடுத்ததை எடு!" என்றது. எடுத்தேன். அதுவும் முட்டியில் நின்றது. அதற்கு அடுத்ததும்.

"அளவு எடுத்தது யாருப்பா?" என்று மாடியிலிருந்து விசாரணை வந்தது.

"நான்தான்."

"எங்க எடுத்தே?"

"மணிக்கட்டுல."

ஐயோ, அந்தச் சிரிப்பு! "வளையல் இன்னா மணிக்கட்டைச் சுத்தித் தைக்கறதா? முட்டியைத் தாண்டித்தானேபா போவணும்!" என்று ஒருத்தி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் நின்றது.

"வுட்டுடுங்க. எனக்குக் குடுத்து வெச்சது இவ்ளோதான்" என்று நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"உக்காரு, உக்காரு, ஒரே நிமிஷம்" என்று கத்திக்கொண்டே தகரத்தைப் பார்த்து ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. மாமியாரிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சோப்பு இருந்தாக் குடுங்க மாப்ள" என்றார்.

பக்கத்து வீட்டில் சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் வாங்கி அடியில் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, வாழையிலைத் துண்டில் ஒரு கை வளையல்கள் வந்தன. பச்சை, கழனி வேலையில் அங்கங்கே பளபளப்புப் போனவை. "எனக்குக் களையெடுத்த கை, பெருசு. அவளுக்குப் போவும். கை மொட்டையா இருக்கக் கூடாதுன்னு ஒண்ணை மட்டும் வுட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

ஓடி வந்து போட்டேன். முட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது! "அம்மாவுதா?" என்று அவள் கேட்டாள். நான் தலையாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், மாடிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தி உள்ளே ஓடி, தன் கை வளையல்களில் இரண்டைக் கழற்றி சோப்புப் போட்டு, மஞ்சள் தண்ணீரில் முக்கி, பட்டு நூலில் கட்டிக் கீழே இறக்கினாள். அடுத்த மாடியிலிருந்து இன்னொரு நூல் இறங்கியது. எங்கள் தெருவில் பட்டு நூலுக்குப் பஞ்சமா? அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று எல்லா வீட்டிலிருந்தும் நூல்கள் இறங்கின, முனையில் வளையல்கள் ஆடிக்கொண்டு. நான் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். "இது என்னுது, மேல போடுபா!" "அவுங்களுதை அப்புறம் போடு, எங்களுது முதல்ல!" என்று ஒரே கூச்சல். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் பாதி சாத்தியிருந்தது. தெருவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் முதல் ஆளாக வந்து பாட்டெடுக்கும் அக்கா அவள். காய்ச்சல் இறங்கியும் ஜன்னல் பக்கம் வராமல் இருந்தாள். நாங்களும் அந்த வீட்டைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம்.

என் மனைவிதான் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உங்க வளையல் எங்க?" என்று குரல் கொடுத்தாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. "வேணாண்டி கண்ணு. என்னாலதானே உங்கம்மா தகரத்துக்கு அந்தாண்ட நிக்கறாங்க. நான் குடுத்தா ஆவுமா?"

"உங்களாலயா? நோயி யாரைக் கேட்டுக்கினு வருது? சோப்புத் தண்ணியில போட்டு வாசல்ல வைங்க. வெயில்ல காயட்டும், நாளைக்குப் போட்டுக்கறேன். உங்களுது இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேன்."

ஜன்னலுக்குள் அக்கா முகத்தைத் துடைக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கம்மிப்போன தொண்டையில் நலங்குப் பாட்டை எடுத்தாள். இரண்டாம் அடியில் இருமல் வந்து நின்றாள். மூன்றாம் அடியை மாடிகள் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

பாட்டு முடிந்ததும் மனைவி, "தகரம் வரைக்கும் நடக்கலாமாங்க?" என்றாள். தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவளால் குனிய முடியாது. தகரத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கினாள். அந்தப் பக்கம் ஒரு புடவை சரசரத்தது. மாமியார் தரையில் உட்கார்ந்து, அடி இடைவெளி வழியாக மகளின் காலைப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"கால் இப்படி வீங்கியிருக்குதே, ஏண்டி சொல்லல?" என்றார். "இன்னொரு தரம் ஆட்டு, கேக்கட்டும்."

ஆட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை வளையல் தகரத்தில் தட்டிப் பதில் சொன்னது.

இவள் தகரத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பி, "புளி சாதம் எங்க வெச்சிருக்கீங்க? பசிக்குது" என்றாள்.

நாற்காலியை அங்கேயே கொண்டுவந்து போட்டேன். மாமியார் அந்தப் பக்கம் தரையில், இவள் இந்தப் பக்கம் நாற்காலியில். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கேட்டாள். போட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கை மேலே போகும்போது, மாடிப் பெண்கள் அத்தனை பேரின் வளையல்களும் சேர்ந்து குலுங்கின. தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "சாப்புடறா, சாப்புடறா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.