காவிப் பட்டையில் விழாத வெளிச்சம்

என்னைப் பார்க்கிறவர்கள் சாதுவான ஆள் என்பார்கள். இருபத்தாறு வயதில் நான் செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒயரிங் வேலையை இரண்டு பேர் பார்த்தோம்: நானும், என்னைவிட இருபது வயது மூத்த ஒருவரும். வாய் நிறைய அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

வேலையில் அவர் கெட்டிக்காரர். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒயர் முனையில் நான் ஈயம் பற்றவைத்ததைப் பார்த்து, “இன்னாப்பா, காக்கா எச்சம் போட்ட மாதிரி வெச்சிருக்க?” என்று வண்டிக்காரர் முன்னாலேயே கேட்பார். பொய் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவர் சொன்னது உண்மை.

அந்த வருஷம் முதலாளி செங்கம் ரோட்டில் இரண்டாவது கடை திறப்பதாக இருந்தார். பொறுப்பு அண்ணாவுக்குத்தான் என்று பேச்சு. அந்தச் சமயத்தில் ஒருநாள் அவர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதைச் சொன்னார். பகலில் வாசல் வெளிச்சத்தில் சமாளித்துவிடுகிறாராம். பொழுது சாய்ந்தால் எல்லாம் புகையாம்.

“பங்குனில கண்ணு முகாம் வருது. ஆபரேஷன் பண்ணிக்கினா சரியாயிடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் மொதலாளி காதுக்குப் போவக் கூடாதுப்பா. கண்ணு தெரியாதவன் கைல எவன் வண்டிய வுடுவான்? ரெண்டு பொண்ண வெச்சிருக்கேன். உன்னத்தான் நம்பறேன்.”

“நான் போய் சொல்லுவேனாண்ணா?” என்றேன். சொல்லக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாரம் இருந்தது.

மாசியில் ஒரு லாரி ஆபீஸ்காரர் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலேயே காசிவரை போய்வரப் போகிறாராம். முன்னால் இரண்டு பக்கமும் கூடுதலாக லைட் வேண்டும் என்று லாரிக்குப் போடுகிற விளக்குகளைக் கையோடு வாங்கி வந்திருந்தார். அண்ணா வண்டியைத் தடவிப் பார்த்தார்.

“இது ஆறு வோல்ட்டுங்க. இந்த பல்பு ஆவாது, மாத்திடலாம். ரொம்பப் பெருசு போட்டா டைனமோ தாங்காது. வாட்ஸ் கம்மியா போட்டு, விளக்க சரியாத் திருப்பி வெச்சா வெளிச்சம் ஜாஸ்தியா கெடைக்கும்.”

ஒரே பகலில் முடித்தார். முன்பக்கம் கால் மறைப்பாக இருக்கிற லெக் கார்டு கம்பியில் இரும்புப் பட்டையை முடுக்கி, அதிராமல் இருக்க நடுவில் ரப்பர் கொடுத்து, விளக்குகளை மாட்டினார். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ், ஹேண்டில்பாரில் தனி சுவிட்சு. பாதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டேதான் செய்தார். அவ்வளவு சுத்தமான வேலையை நான் இன்றுவரை செய்ததில்லை.

விளக்கைத் திருப்பி வைக்க எங்கள் கடையில் அளவுகோல் கிடையாது. எதிரே ஒரு பழைய மண்டபத்துச் சுவர், வெள்ளையும் காவியும் நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாக அடித்திருக்கும். வண்டியைச் சாக்கடைக் கல் ஓரம் நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடுவோம். இடது விளக்கு மூன்றாவது காவிப் பட்டையில் விழ வேண்டும், வலது ஐந்தாவதில். கண் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அதை நான்தான் பார்த்து வந்தேன். அவர் ஏதாவது சாக்குச் சொல்லி ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்.

அன்றைக்கு அவர் சட்டையை மாட்டும்போது, முதலாளி காதில் விழும்படி, “காசிக்குப் போற வண்டிண்ணா, பட்டைய நீங்களே பாத்துடுங்க” என்றேன். முதலாளியும், “ஆமாய்யா, நீயே பாரு” என்றார். அண்ணா என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஃபியூஸை முன்னமே பாதி வெளியே இழுத்து வைத்திருந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து இன்ஜினை உதைத்தேன். பின்னால் நின்ற முதலாளியையும், வண்டியை எடுக்க வந்திருந்த லாரி ஆபீஸ்காரரையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, சும்மா பாருங்கள் என்று ஜாடை காட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். சுவர் இருட்டாகவே இருந்தது.

“போட்டாச்சுண்ணா.”

அவர் குந்தியபடி சுவரையே பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை என்றதும், விளக்கு எரியவில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். அப்படித்தான் ஆகும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

“எடது மூணாவது பட்டையில கரெக்டா உட்கார்ந்திடுச்சு,” என்றார். “வலதுதான் கொஞ்சம் தள்ளிப் போவுது.” ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி வலது விளக்கை உள்பக்கமாகத் திருப்பினார். “இப்ப?”

“இப்ப சரியாண்ணா?” என்று நான் அவரையே கேட்டேன்.

“இப்ப சூப்பர்.”

லாரி ஆபீஸ்காரர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது என்ன, நன்றாகவே சிரித்தேன்.

“யோவ், லைட்டே எரியலய்யா,” என்றார் முதலாளி.

அண்ணா உள்ளங்கையை விளக்குக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். நான் அவருக்கு முன்னால் கையை நீட்டி ஃபியூஸை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. “ஃபியூஸ லூசா மாட்டியிருக்கீங்கண்ணா,” என்றேன்.

மறுநாள் முதலாளி அவருக்குக் கணக்கை முடித்து அனுப்பினார். செங்கம் ரோட்டுக் கடை எனக்கு வந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு கையாட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், ஊசிமுனைகூடத் தெரிகிறதாம்.

“அப்புறம் ஏண்ணா இங்க? ஒயரிங் வேலைக்குப் போவலாமே?”

“வோணாம்பா. கண்ணு போனாலும் கை இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கி ஒரு ஃபியூஸக்கூட ஒழுங்கா மாட்டலியே நானு. அதுலேர்ந்து ஒயரத் தொட்டாலே கை நடுங்குது.”

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவருடைய பார்வை என் முகத்தில் நேராக நின்றது. இப்போது அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

“ஆமாண்ணா, வயசாச்சு இல்ல,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.