சவர்க்கார நீரில் மிதந்த பெயர்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரில் நடந்தது இது. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில், ஒரு ஜாஸ் பாடகியின் வீட்டில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஜாஸ் என்றால் எனக்கு என்ன தெரியும்? யாரோ தகரத்தில் தட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்!

அந்த வாரம் சிஞ்ஞோராவுக்கு, வீட்டுக்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன், கால் தரையில் படவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஜாஸும் புளூஸும் பாடி, பிறகு ஒருவரும் கண்டுகொள்ளாமல் விட்ட ஏழு பெண்களுக்காக வெள்ளிக்கிழமை மாலை ஓர் இசைநிகழ்ச்சி. ஒவ்வொருத்தியின் பழைய இசைத்தட்டையும் மேடையில் சற்று ஓடவிட்டு, பெயரைச் சொல்லி, அந்தப் பாட்டைத் தானும் பாடுவதாகத் திட்டம். தட்டுகள் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியவை.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே! நான் இஸ்திரி போட, அவர் தட்டைச் சுழலவிட்டு, நடுவில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பெயரை வாசித்துக் கதை சொல்வார். ஒருத்தி வீட்டு வேலைக்காரி, இன்னொருத்தி ஊரார் உடுப்புத் தோய்த்தவள். அட, நம்மவர்கள்! அந்த எழுத்தெல்லாம் எனக்கு வாசிக்க வராது. காதால்தான் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பட்டப்பெயரும் வைத்தேன். ஒருத்தி சிரிப்புக்காரி. இன்னொருத்தி முட்டுக்காரி, ஏனென்றால் முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, வந்தவர்கள் மாதிரி ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சை இழுப்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. யாழ்ப்பாணத்துக்காரிக்கு வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் கை சும்மா இருக்குமா? சிஞ்ஞோரா தலை அலங்காரத்துக்குப் போயிருந்தார். வீட்டைக் கழுவி முடித்த கையோடு தட்டுகளைப் பார்த்தேன். ஒரே தூசி. மேடையேறும் பொருள் பளபளக்க வேண்டாமா? ஏழையும் குளியல் தொட்டியில், சவர்க்காரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டேன். திரும்பி வந்தால், ஐயோ! பெயர் எழுதிய தாள்களெல்லாம் கழன்று மிதக்கின்றன.

சிஞ்ஞோரா வந்து பார்த்துவிட்டுத் தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார். தட்டுகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். ஐந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டார். மிச்ச இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடியவர்கள், குரலும் கிட்டத்தட்ட ஒன்று. எது யார் என்று தெரியவில்லை. பிழையான பெயரைச் சொல்வதைவிட இருவரையும் விட்டுவிடலாம் என்றார். உலகமே மறந்த பெண்களை நானும் சேர்ந்து அழிப்பதா?

"இன்னொருக்காப் போடுங்கோ!" என்று என் அரைகுறை இத்தாலியனில் கத்தினேன். முதல் தட்டில் குரல் வழுவழுவென்று போனது. இரண்டாவதில், வரிக்கு முன்னால் அந்த மூச்சு! "முட்டுக்காரி! இவதான், இவதான்!" என்று தமிழிலேயே துள்ளினேன். பிறகு, ஒத்திகையில் சிஞ்ஞோரா வாசிக்கக் கேட்டிருந்த அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னேன். அவர் ஓடிப்போய்த் தன் குறிப்புகளைப் புரட்டினார். பஞ்சாலைத் தூசியில் நெஞ்சு பழுதானவள் என்று அங்கே எழுதியிருந்தது. தாளைப் பார்த்தே பெயர் சொன்னவருக்கு அந்த மூச்சு இத்தனை நாளும் கேட்கவேயில்லை. என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார் பாருங்கள், ஈரத் தரையில் இருவரும் விழாதது அதிசயம்!

அன்று மாலை மண்டபத்தில் ஏழு பெயர்களும் ஒலித்தன. முட்டுக்காரியின் பெயருக்குச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"என்னப்பா, இவளவை பாடுறதுக்கு நீ ஏன் அழுறாய்?" என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர்.

"எனக்குத் தெரிஞ்ச ஆக்களப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளைப் பளபளவென்று வைத்திருக்கிறேன், ஒன்றும் பெரிதாக ஞாபகமில்லை. என் கையால் கழுவுண்டுபோன ஒருத்தியின் பெயரை அவளுக்கே திருப்பிக் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் மட்டும் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.