தலைவர் கேனுக்கு மட்டும் சோதனை இல்லையா?

தண்ணீராக இருக்கிறது என்று காப்பிக்கடைகள் எங்கள் சங்கத்துப் பாலை நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டன. இன்னொரு முறை இப்படி நடந்தால் வாங்கவே மாட்டார்களாம். எங்கள் வீட்டுக்கு வருமானமே இரண்டு மாடுகள்தாம்.

அதனால் இன்று காலை சிராங்கூன் சாலைக் கொட்டகையில் கிளார்க் ஒவ்வொரு கேனாகச் சோதித்தார். சங்கத் தலைவரின் கேன் மட்டும் நேராக லாரியில் ஏறியது.

"அண்ணே, அதைச் சோதிக்கலையே?" என்று கேட்டேன்.

"அது தலைவர் வீட்டுப் பாலு. சின்னப் புள்ள, சும்மா இரு லா."

என் பின்னால் நின்ற அம்மா தன் கேனை மூடினார். "ஏன், தலைவர் மாடு மட்டும் தண்ணியே குடிக்காதா?"

சிரிப்பு அடங்குமுன் வரிசையில் நின்ற எல்லாருமே கேன்களை மூடிவிட்டார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை.

"என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்றார் லாரியருகே நின்றிருந்த தலைவர்.

"எங்கள தினமும் சந்தேகப்படுறீங்களே, நாங்க கோவிச்சுக்கிட்டோமா?" என்றார் அம்மா.

தலைவர் தன் கேனை இறக்கி வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். பிறகுதான் எங்கள் பால் ஏறியது.

அவர் வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவ்வளவு பாலையும் என்ன செய்வார்கள், சொல்லுங்களேன்?